நம்ம வண்டியில எடுத்த அளவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறது. நீ அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கிட்டு இருப்பேன்னு நம்பறேன். அப்படித்தான் இருக்கணும், அதுல மட்டும் எனக்கு உன்மேல ஒரு கோவமும் இல்ல. இங்க நாங்களும் நலம்னு அடுத்த வரியில எழுதணும், அதுதான் முறை, ஆனா பேனா அந்த இடத்துல வந்து நின்னுபோச்சு, அதனால ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம்னு எழுதறேன், அது பொய் இல்ல.

போன்ல பேசாம எதுக்கு இவ காகிதத்தை எடுத்தான்னு நினைப்பே. நீ கூப்பிட்டா அப்பாதான் எடுக்கறார், எடுத்ததும் ஸ்பீக்கர்ல போட்டுடறார், பக்கத்துலயே உக்காந்து நீ தும்மினாக்கூட என்ன ஆச்சுன்னு கேக்கறார். அந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் எதைப் பேசறது. தனியா பேசினாலும் ரெண்டு வார்த்தையில எனக்கு அழுகை வந்துடும், நீ அழாதம்மா அழாதம்மான்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குத் தாவிடுவே, அதுல நீ கெட்டிக்காரி. காகிதத்துல எழுதினா குறுக்க பேச முடியாது பாரு. முழுசாப் படி. நடுவுல மூடி வைக்காதே.

முதல்ல வீட்டுச் சேதி. உன் மாமாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, வாய் மட்டும் அப்படியேதான் இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவை வந்து உக்காந்து நான் அன்னிக்கே சொன்னேனேன்னு ஆரம்பிக்கறான், என்னிக்கு என்ன சொன்னான்னு அவனுக்கே தெரியாது. தண்ணி மோட்டார் ரெண்டு மாசமா ஊளையிடுது. முன்னாடியெல்லாம் அதுல ஒரு சத்தம் மாறினா அப்பா கழட்டிப் பரப்பிடுவார், இப்ப ஆளை வரச்சொல்லிக்கோன்னு சொல்லிட்டார், வந்தவன் கழட்டத் தெரியாம கழட்டி இன்னும் கெடுத்துட்டுப் போனான். அப்பா சன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தார், எழுந்து வரல. உன் ரூமை மூட்டை கட்டியாச்சு. உன் கட்டில் மேல இப்ப திரும்பி வந்த கம்பிங்கதான் படுத்திருக்கு, பெட்டி பெட்டியா, கூரை வரைக்கும். நீ வந்தா எங்க படுப்பேன்னு மாமா கேட்டான். அவ எங்க வரப்போறான்னு நான் சொல்லிட்டேன்.

கம்பின்னு நான் சாதாரணமா எழுதறேன், அதுக்கு நீதானே பேர் வச்சே, ஸ்ட்ரட் பார்னு. பானெட்டைத் தூக்கினா ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரோட தலை தெரியும், அந்த ரெண்டு தலையையும் குறுக்க சேர்த்துப் பிடிக்கிற கம்பி, அதை மாட்டினா வளைவுல வண்டி உதறாதுன்னு நீ எனக்குப் பாடம் எடுத்தே. நம்மகிட்ட இருக்கிற இந்த மாடல் காரை கம்பெனிக்காரன் நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனா இதையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு அலையிற பைத்தியங்க ஊர் ஊரா இருக்காங்க அப்பா, அவங்களுக்கு சாமான் செஞ்சு கொடுக்க நல்ல ஆள் இல்ல, உங்க கையில இருக்கிற வேலைக்கு நீங்க ஆரம்பிச்சா வரிசையில நிப்பாங்கன்னு போன்ல சொல்லிச் சொல்லி அவரை உசுப்பேத்தி விட்டதும் நீதான். ஆலையில டூல் ரூமில ஆயுசு பூரா வேலை பார்த்துட்டு, ரிட்டயர் ஆகி, பேப்பரை ரெண்டு தடவை படிச்சுட்டு என்கிட்ட சண்டைக்கு வந்துக்கிட்டு இருந்த மனுஷன், உன் பேச்சைக் கேட்டதும் பத்து வயசு குறைஞ்சவர் மாதிரி ஆயிட்டார். கார் ஷெட்டில டிரில்லிங் மெஷின் வந்துச்சு, வெல்டிங் செட் வந்துச்சு. நானும் சும்மா இல்ல. கம்பிக்கு பெயிண்ட் காஞ்சிருக்கான்னு பார்க்கிறது நான், குமிழ் குமிழா இருக்கிற அந்த பிளாஸ்டிக் தாளைச் சுத்தறது நான், விலாசம் எழுதறது நான். இதே வண்டி வச்சிருக்கிற பசங்க வேற, ஞாயித்துக்கிழமையானா வந்துடுவாங்க, வண்டியைத் துடைக்கிற துடைப்புல பாதி முகத்தைத் துடைச்சா எவளாவது கட்டிப்பான்னு நான் கிண்டல் பண்ணுவேன், சிரிச்சுக்கிட்டே டீ குடிப்பாங்க. எங்களுக்கு இந்த வயசுல அப்படி ஒரு கலகலப்பு வரும்னு நான் நினைச்சே பார்க்கல. அதை வாரிக் கொடுத்ததும் நீ, வழிச்சு எடுத்துக்கிட்டதும் நீ. இரு, அவசரப்படாதே, வரேன்.

மஞ்சள் வண்டிக்காரன்னு ஒருத்தன் வருவானே, ஞாபகம் இருக்கும், நீ வீடியோவில பேசியிருக்கே. அவன் அப்பவே சொன்னான், என் வண்டியிலயும் ஒரு தடவை அளவு எடுத்துப் பாருங்க சார்னு. அப்பா ஒத்துக்கல. உன் வண்டி நாலு இடத்துல இடிச்சு பட்டி பார்த்த வண்டிப்பா, அதுல அளவு எடுத்தா அத்தனை பேருக்கும் கோணல்தான் கிடைக்கும், என் வண்டி ஷோரூம்ல இருந்து எடுத்த நாள்ல இருந்து ஒரு கீறல் படாத வண்டி, என் பொண்ணுகூட அதைப் பொத்திப் பொத்தி ஓட்டினவதான்னு நெஞ்சை நிமித்திச் சொன்னார். நம்ம வண்டியோட மூக்கைப் பிரிச்சுப் போட்டு, வாரக்கணக்கா குனிஞ்சு குனிஞ்சு அளந்து, அந்த அளவுக்கு ஒரு இரும்புச் சட்டம் கட்டினார், இனிமே ஒவ்வொரு கம்பியையும் அந்தச் சட்டத்துல வச்சுத்தான் ஓட்டை போடணும், அப்பத்தான் எல்லாம் ஒண்ணுபோல வரும்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஆட்டோவில போனேன், ஏன்னா வண்டிக்கு முகம் இல்ல. தகடு வெட்டறதுக்கு நீ கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் கொடுக்கறேன்னே. அவர் அளவை அனுப்பினார். நீ மறுநாள் கூப்பிட்டே. இடது பக்க அளவு சரியாப்பா, இன்னொரு தடவை பாருங்களேன்னே. அவர் போய்ப் பார்த்தார், அதேதான் பாப்பான்னார். இன்னும் ஒரு தடவைன்னே. அதையும் பார்த்தார். அப்புறம் நீ, சரிப்பா பரவாயில்ல, அப்படியே வச்சுக்கலாம்னு சொல்லி படத்தை அனுப்பிட்டே. நான் பக்கத்துலதான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். பொண்ணு எவ்வளவு கவனம்னு அன்னிக்கு எனக்குப் பெருமை வேற.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனா உனக்குத் தெரிஞ்சது பாதி. முதல் தடவை செஞ்சது அத்தனையும் கூரியர்ல போச்சு, போன வேகத்துல திரும்ப ஆரம்பிச்சுது. வலது பக்கம் உக்காருது சார், இடது பக்கம் ஓட்டை வரமாட்டேங்குதுன்னு ஒவ்வொருத்தனா எழுதினான். சிலபேர் நல்லவங்க, அரத்தால ராவி எப்படியோ மாட்டிக்கிட்டு பேசாம இருந்துட்டாங்க. ஒருத்தன் மட்டும் மாட்டிப் பார்க்கிறதை வீடியோ எடுத்துப் போட்டான். தாத்தா கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு அளந்திருப்பார் போலன்னு சொல்லிச் சிரிக்கிறான், கீழ அத்தனை பேரும் அதைவிட மேல சிரிச்சிருக்காங்க. அதை அப்பா பார்த்தார். ஒரு தடவை இல்ல. நான் போனைப் பிடுங்கி வச்சேன். மஞ்சள் வண்டிக்காரன் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான், மாட்டிப் பார்த்தா எட்டு மில்லி தள்ளி நிக்குது. சரி, இவன் வண்டிதான் கோணல்னு அப்பா சொன்னார். அவன் சிநேகிதன் வண்டி வந்துச்சு, அதுலயும் அதே எட்டு மில்லி. நம்ம வண்டியில வச்சா மட்டும் போல்ட்டு விரலாலயே இறங்குது. அப்பா என்ன முட்டாளா. அன்னிக்கு சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு நேரா கேட்டார் இல்லையா. நாங்க சித்தி ஆபரேஷனுக்குப் போய் ஒரு மாசம் ஊருல இல்லாதப்ப வண்டி உன் கையிலதானே இருந்துச்சு பாப்பா, எங்கயாவது லேசா தட்டுச்சா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், தெரிஞ்சுக்கணும் அவ்வளவுதான்னு கேட்டார். நீ என்ன சொன்னே. இல்லப்பா, ஒண்ணும் ஆகலன்னே. வேணும்னா சத்தியம் பண்ணட்டுமான்னு வேற கேட்டே. அவர் பதறிட்டார். சேச்சே, அதெல்லாம் எதுக்கு, நீ சொன்னா சரின்னு போனை வச்சுட்டார்.

வச்சுட்டு என்ன சொன்னார்னு கேளு. அப்ப வண்டி கம்பெனியில இருந்தே அப்படித்தான் வந்திருக்கு, இத்தனை வருஷமா தினமும் பானெட்டைத் தூக்கித் தூக்கி மூடியிருக்கேன், எட்டு மில்லி என் மூக்குக்கு நேரா நின்னிருக்கு, எனக்குத் தெரியலன்னா என் கண்ணு கண்ணே இல்லன்னார். பாப்பாவுக்குப் படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துச்சு பாரு, ரெண்டு தடவை கேட்டா பாரு, நான்தான் திமிரா அதேதான்னேன்னு தலையில அடிச்சுக்கிட்டார். எனக்கு அன்னிக்கு நீ நியாயஸ்தி, அவர் கிழவர், அப்படித்தான் பட்டுது. நானும் கண் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன், புதுக் கண்ணாடி போட்டாச்சு. போட்டும் நிக்கல. தினமும் காலையில டீ ஆறுறதுக்குள்ள வெர்னியரை, அதான் மில்லிக் கணக்குல அளக்கிற அந்த இடுக்கியை, எடுத்துக்கிட்டு வந்து ஸ்பூன் காம்பை அளக்கறார். பேனாவை அளக்கறார், சாவியை அளக்கறார். அளந்துட்டு என்கிட்ட நீட்டி, நீ படி, என்ன காட்டுதுன்னு கேக்கறார். நான் படிச்சுச் சொன்னா, அவர் மனசுல வச்சிருக்கிறதும் அதேதான், ஆனா நம்ப மாட்டேங்கறார். நீ என் மனசு நோகக்கூடாதுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்றேங்கறார். நான் வாழ்க்கையில அந்த மனுஷன் மனசு நோகாம பேசினது எப்ப, நீயே சொல்லு.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன வாரம் பெய்ஞ்ச மழையில வண்டிக்குள்ள முன்சீட்டுக் கால் வைக்கிற இடத்துல தண்ணி நின்னுது. அப்பா வரமாட்டேன்னுட்டார், அவருக்கு இப்ப அந்த வண்டியைப் பார்த்தாலே ஆகல. மாமாவை ஓட்டச் சொல்லி கடைத்தெரு கோடியில இருக்கிற டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மாமா பக்கத்துக் கடையில உக்காந்து யாருக்கோ உலக நியாயம் சொல்லிக்கிட்டு இருந்தான், நல்லவேளை. பட்டறைக்காரர் பானெட்டைத் தூக்கினார், பார்த்ததும் சிரிச்சார். இது நான் வேலை பார்த்த வண்டியாச்சேம்மா, உங்க பொண்ணு நல்லா இருக்காளான்னார். எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா காட்டிக்கல, நல்லா இருக்கான்னு சொல்லி மேல பேச விட்டேன். அவர் பாவம், வெள்ளந்தியா கொட்டிட்டார். பாலத்துச் சுவத்துல மோதி, இழுவை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தியாம். இடது பக்கம் மொத்தமும் உள்ள போயிருந்துச்சாம். அப்பா வர்றதுக்குள்ள ஆகணும்னு நீ நின்ன இடத்துலயே அழுதியாம். முடிஞ்ச மட்டும் இழுத்து நிமித்திட்டேன்மா, ஓட்டறதுக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா அந்த இடம் கொஞ்சம் உள்ளதான் நிக்கும், முழுசா வராதுன்னு அப்பவே பொண்ணுகிட்ட சொல்லித்தான் கொடுத்தேன்னார். சொல்லித்தான் கொடுத்தேன்னார், கேட்டியா. அந்த இடம் எந்த இடம்னு விரலை வச்சுக் காட்டினார். அப்பா குனிஞ்சு குனிஞ்சு அளந்த இடம்.

அங்க ஒரு டயர் கிடந்துச்சு, அதுமேலயே உக்காந்துட்டேன். நாங்க சித்தி வீட்டுல இருந்து திரும்பினப்ப வாசல்ல வண்டி பளபளன்னு நின்னுச்சே, உங்களுக்காக பாலிஷ் போட்டு வச்சிருக்கேன்பான்னு சொன்னியே, அந்த மனுஷன் அதைத் தெருவுல பார்த்தவங்ககிட்டயெல்லாம் ஒரு மாசம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே. அதுக்கப்புறம் இடது முன் டயர் ஒரு பக்கமாவே தேயுதுன்னு ரோட்டைப் போட்டவனையெல்லாம் திட்டினாரே. எல்லாத்துக்கும் நீ கூடவே நின்னு ஆமாம்பா போட்டிருக்கே. சரி, இடிச்சதை மறைச்சே, வயசு, பயம், விட்டுடறேன், இரும்புதானே. ஆனா அவர் அந்த இடத்துல வெர்னியரை வச்சு அளக்கிறதை நீ வீடியோவில பார்த்துக்கிட்டே இருந்தியே, அப்ப உன் வாய்க்கு என்ன ஆச்சு. ரெண்டு தடவை அளக்கச் சொன்னியே, எதுக்குடி, மூணாவது தடவை அளந்தா உன் பொய் நேராயிடும்னா. அப்பவாவது, மஞ்சள் வண்டியிலயும் ஒரு அளவு எடுங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நீயும் மாட்டியிருக்க மாட்டே, அவரும் தப்பிச்சிருப்பார். அதைக்கூட விடு. அவர் நேருக்கு நேரா கேட்டப்ப, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டுக் கேட்டப்ப, நீ சத்தியம் பண்ணட்டுமான்னு கேட்டே பாரு, அது எனக்கு ஆறமாட்டேங்குது. ஆயுசு பூரா அவர் அளவை மட்டும்தான் நம்பினவர். மேனேஜர் சொன்னாலும் நம்பமாட்டார், எடு வெர்னியரைம்பார். உன் ஒரு வார்த்தைக்காக அந்த வெர்னியரைப் பொய்யுன்னு ஒதுக்கி வச்சுட்டு, தன் கண்ணைப் பொட்டைன்னு ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கார். நீ அங்க இருந்துக்கிட்டு, மனசைத் தளரவிடாதீங்கப்பா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்னு போன வாரம் ஆறுதல் சொன்னே. எப்படி வாய் வந்துச்சு உனக்கு. பெத்தவ நான், எனக்கே உன்னை நினைச்சா பயமா இருக்கு.

இந்தக் கடுதாசி அவசரமாப் போகறதுக்குக் காரணம் இருக்கு. மாமா ஒரு ஆளைப் பிடிச்சிருக்கான், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், அந்த இரும்புச் சட்டம் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கறானாம், அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டுவரான். அப்பா சரின்னுட்டார். அரங்களையெல்லாம் எண்ணெய் தடவித் துணியில சுத்தி வச்சுட்டார். கூடவே அந்த வெர்னியரையும் கொடுத்துடறேன்னார், முதல் சம்பளத்துல வாங்கினது, அதை நான் மறைச்சு வச்சிருக்கேன். மஞ்சள் வண்டிக்காரன் வந்து கெஞ்சிப் பார்த்தான், என் வண்டியில புதுசா அளவு எடுங்க சார், பசங்க எல்லாரும் திரும்பவும் வாங்கறோம்னு. உன் வண்டி நேர்தான்பா, அளக்கிறவன்தான் சரியில்லன்னு அனுப்பிட்டார். அந்தப் பையன் வாசல்ல நின்னு என்னைப் பார்த்தான், என்கிட்ட பதில் இல்ல. அப்ப இல்ல. இப்ப இருக்கு, ஆனா அது என் வாயில இருந்து வரக்கூடாது.

ஏன்னு கேப்பே. நீயே சொல்லிடும்மா, எனக்காகச் சொல்லிடுன்னு ஆரம்பிப்பே, உன்னை எனக்குத் தெரியாதா. சின்ன வயசுல இருந்து நீ உடைச்சதுக்கெல்லாம் முன்னால போய் நின்னு பேச்சு வாங்கினது நான், இந்த ஒண்ணுக்கு நிக்கமாட்டேன். நீ சொல்லு. பூசி மெழுகாம சொல்லு, இடிச்சதையும் சொல்லு, அளக்கச் சொன்னது ஏன்னும் சொல்லு, கேட்டப்ப இல்லன்னதையும் சொல்லு. அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. அவர் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சுன்னு, நீ இடிச்சதுல வந்த எட்டு மில்லியைத்தான் அவர் சரியா அளந்து சொன்னார்னு, அது உன் வாயால வந்தாத்தான் அவர் நம்புவார். என் பேச்சு எல்லாம் ஆறுதல்னு ஆயிடுச்சு இந்த வீட்டுல.

இன்னொரு காரணமும் இருக்கு, அதையும் எழுதிடறேன். நான் போய் இதைச் சொன்னா அந்த மனுஷன் கம்பியைப் பத்திக் கேக்கமாட்டார், சிரிச்சவனைப் பத்திக் கேக்கமாட்டார், நீ சொன்ன பொய்யைப் பத்திக்கூடக் கேக்கமாட்டார். முதல் வார்த்தையா, அன்னிக்கு பாப்பாவுக்கு எங்கயாவது அடி பட்டுச்சான்னுதான் கேப்பார். அதை உக்காந்து கேக்க எனக்குத் தெம்பு இல்லடி. நீ கேட்டுக்கோ.

குளிர் அங்க அதிகம்னு சொன்னே, காதை மூடிக்கிட்டு வெளிய போ. வேளைக்குச் சாப்பிடு. நல்லா இரு, நூறு வயசு நல்லா இரு, கோவத்துலயும் எனக்கு அதுதான் வாயில வருது.

கூப்பிடறது அவர் நம்பருக்கு இருக்கட்டும், சாயங்காலமா கூப்பிடு, நான் அந்த நேரம் வீட்டுல இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா